துவக்கு காக்காத வயல்

மார்கழியில் படுவான்கரை வயல்களில் நெல் குடலைப் பருவம் தாண்டிக் கதிர் தள்ளிப் பால் பிடிக்கத் தொடங்கும். காட்டுப்பன்றியும் யானையும் வயலைத் தேடி இறங்குவது அப்போதுதான். மட்டக்களப்பு மாவட்டத்துக்கு ஆண்டு மழையின் பெரும்பங்கு கிடைப்பதும் அதே நாட்களில்தான். கார்த்திகை தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவமழை விட்டு விட்டுக் கொட்டும். குழல்வாய் வழியே மருந்தை இடித்து நிரப்பிச் சுடும் இடியன் துவக்கு பல தலைமுறைகளாக இந்த வயல்களுக்குக் காவல் என்று நம்பப்பட்டது. அதன் மருந்து கரி, கந்தகம், வெடியுப்பு ஆகிய மூன்றின் கலவை. காற்றில் உள்ள ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும், நனைந்தால் பற்றாது. ஆக, காவல் மிகவும் தேவைப்பட்ட இரவுகளே அந்தத் துவக்கு கைவிடக்கூடிய இரவுகளாகவும் இருந்தன. இந்த ஒரு முரணில் படுவான்கரைத் துவக்கின் வரலாறு முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. அது ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு வடிவத்தில் காவலனாக வந்தது. ஒவ்வொரு முறையும் கமக்காரனை ஏமாற்றியது. இந்த மண்ணில் பயிரை உண்மையில் காத்தவை பங்கு போட்டுக் கட்டிய வேலியும் முறை வைத்துக் கண்விழித்த ஆட்களுமே என்பதுதான் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

படுவான்கரை ஊர்களில் ஒன்றான பழுகாமம், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், போரதீவுப்பற்றில் இருக்கிறது. சூரியன் எழும் கடலோரப் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை என்று மட்டக்களப்பார் வகுத்திருக்கிறார்கள். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் களுவாஞ்சிக்குடியின் கடைத்தெரு. மேற்கே திரும்பினால் வெல்லாவெளி தாண்டி வயல், குளம், பற்றைக்காடு, அதற்கப்பால் பெருங்காடு. திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்புக்குப் பெயர்பெற்ற பழுகாமம், நெல்லும் மாடும் செல்வம் என்று வாழ்ந்த ஊர்களின் வரிசையில் வருவது. இந்த நில அமைப்பை மனதில் வைத்தால்தான் துவக்கின் கதை விளங்கும். எழுவான்கரையில் அது பெருமைப் பொருளாக இருந்திருக்கலாம்; படுவான்கரையில் அது தேவைப் பொருளாகவே கேட்கப்பட்டது. காடும் வயலும் தொடுகிற இடத்தில் வாழ்பவன் ஆயுதம் கேட்பதில் வியப்பு இல்லை. கேட்டது கிடைத்த பிறகு அது என்ன செய்தது என்பதே கேள்வி.

துவக்கு என்ற சொல்லே வெளியிலிருந்து வந்தது. துருக்கியரின் 'துஃபெக்' தமிழகத்தில் துப்பாக்கி என்றும், ஈழத்தில் துவக்கு என்றும், சிங்களத்தில் துவக்குவ என்றும் வழங்குகிறது. பொருளும் கோட்டையோடு வந்தது. போர்த்துக்கேயர் மட்டக்களப்புப் புளியந்தீவில் 1628இல் கோட்டை கட்டினார்கள். பத்தாண்டு கழித்து, 1638இல், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். அதற்குள் கண்டி இராச்சியத்துக் கொல்லர்கள் துவக்கு செய்யும் கலையில் கைதேர்ந்திருந்தார்கள். அரும்பொருட்சாலைகளில் இன்றும் பார்க்கக் கிடைக்கும் அந்தத் துவக்குகளை அருகில் பார்த்தால் அவர்களின் திறமை தெரியும்: ஐரோப்பியத் துவக்குகளில் வலப்பக்கம் இருக்கும் பொறி இவற்றில் இடப்பக்கம் இருக்கிறது, அடிக்கட்டை இரண்டாகச் சுருண்டு கொடி வேலைப்பாட்டோடு முடிகிறது. ஆனால் அவை மன்னனின் படைக்கும் பிரதானிகளின் மதிப்புக்கும் செய்யப்பட்டவை. 1818இல் ஊவா, வெல்லசைக் கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர் ஆயிரக்கணக்கான துவக்குகளைப் பறித்தெடுத்ததோடு அந்தக் கைத்தொழிலின் பெருங்காலமும் முடிந்தது. ஆக, மட்டக்களப்பின் மேற்கு எல்லையில் துவக்கு முதலில் அறியப்பட்டது போர்க்கருவியாக. முதலில் இழக்கப்பட்டது தோற்றவனின் தண்டனையாக. பயிர்க்காவலன் என்ற பெயர் அதற்குப் பிறகு ஒட்டியது.

அந்தப் பெயரை ஒட்டியவர்கள் ஆங்கிலேயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யானை, பயிரை அழிக்கும் பிராணி என்று அரசால் எண்ணப்பட்டது. கொன்றவருக்குத் தலைக்கு இத்தனை ஷில்லிங் என்று பரிசு கொடுக்கப்பட்டது. குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட நூலில் அதன் கணக்கைத் தருகிறார்: 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குப் பரிசு கோரப்பட்டது, 1851 முதல் 1856 வரை தென் மாகாணத்தில் 2,000 யானைகளுக்குப் பரிசு கொடுக்கப்பட்டது. பதுளையில் அதிகாரியாக இருந்து 1845இல் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரோஜர்ஸ் தனி ஒருவராக 1,400 யானைகள் வரை சுட்டதாகச் சொல்லப்படுகிறது. இலங்கையில் துவக்குக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு எக்காலத்திலும் கிடைத்ததில்லை. சட்டத் தடை இல்லை, பரிசு உண்டு, சுடத் தெரிந்தவர்கள் கையில் அக்காலத்தின் சிறந்த துவக்குகள் இருந்தன. அப்படியிருந்தும் கமக்காரன் காவல் பரணை விட்டு இறங்கவில்லை. ஆயிரமாயிரமாக யானைகள் விழுந்த அதே நூற்றாண்டு முழுவதும் இராக்காவல் தொடர்ந்தது. ஏனென்றால் வேட்டைக்காரன் தேடியது பெரிய கொம்பனை. அவன் சுட்டது காட்டில், வறட்சிக் காலத்தில், பகலில். வயலுக்கு வருவதோ மழை இரவில் வரும் கூட்டம். வேட்டையின் கணக்கும் வயலின் கணக்கும் வெவ்வேறு ஏட்டில் எழுதப்பட்டவை.

அதே ரெனன்றின் நூலில் துவக்கு இல்லாத காவலைப் பற்றியும் ஒரு செய்தி இருக்கிறது. அது பரிசுக் கணக்கைவிட நமக்குப் பயன்படக்கூடியது. குருநாகல் பக்கத்துக் குளக்கரைக் கமக்காரர்கள் வயல்களுக்கு நடுவே யானைகள் தண்ணீருக்குப் போய்வர வழி விட்டிருந்தார்கள். வழியின் இருபுறமும் மெல்லிய தடிகளை நட்டுக் கொடியால் கட்டிய வேலி. ஒரு மாடு முட்டினால் சாயும் அந்த வேலியை யானைகள் பயிர் நிற்கும்வரை உடைப்பதில்லை. அறுவடை முடிந்து வேலி திறந்த பிறகே உள்ளே வந்து தாளையும் சிந்திய கதிரையும் மேயும் என்று அவர் எழுதுகிறார். யானைக்கு அந்த வேலி எதனால் வேலியாயிற்று? தடியின் வலிமையால் நிச்சயமாக இல்லை. வேலிக்கு அப்பால் ஒவ்வொரு இரவும் தீயும் மனிதக் குரலும் இருந்தன; வேலிக்கு இப்பால் தண்ணீருக்குத் தடையற்ற வழி இருந்தது. அறுவடைக்குப் பின் மேய்ச்சலும் காத்திருந்தது. மனிதனுக்கும் விலங்குக்கும் பருவம் பிரித்து நிலத்தைப் பங்கிட்ட ஏற்பாடு அது. கிழக்கிலும் வடக்கிலும் இருந்த முஸ்லிம் பணிக்கர்களைப் பற்றியும் அவர் வியந்து எழுதியிருக்கிறார். யானைக் கூட்டத்துக்குள் நுழைந்து தோல் வாரால் திரித்த கயிற்றைப் பின்னங்காலில் மாட்டிப் பிடித்த அவர்களுக்குத் துவக்கு தேவைப்படவில்லை. யானையின் பழக்கம் தெரிந்திருந்ததே அவர்களின் ஆயுதம்.

மட்டக்களப்பு வயல் அமைப்பும் கூட்டுக் காவலுக்கே ஏற்றது. இங்கே வயல் தனித்தனிக் காணியாகச் சிதறிக் கிடப்பதில்லை. கண்டம் கண்டமாகச் சேர்ந்து கிடக்கிறது. ஒரு கண்டத்துக்கு ஒரு வாய்க்கால், ஒரு சுற்றுவேலி, ஒரு வட்டவிதானை. ஒருவனுக்கு எவ்வளவு ஏக்கரோ அவ்வளவு வேலி அவன் பொறுப்பு. ஒருவன் தன் பங்கு வேலியைக் கட்டாமல் விட்டால் நுழைவு அவன் வழியாக, அழிவு எல்லாருக்கும். 1856இல் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் வந்த நெற்காணி நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை. பழைய வழக்கங்களைக் கமக்காரர்களே கூடி ஏற்றுக்கொண்டு நடைமுறைப்படுத்த வழி செய்தது. இறக்காமம், அம்பாறைக் குளங்கள் அக்காலத்தில் திருத்தப்பட்டதும் மட்டக்களப்பு வேளாண்மை தழைத்ததும் ஒன்றோடொன்று சேர்ந்த கதை. இன்றைக்கும் போகம் தொடங்குமுன் நடக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் அந்த மரபின் தொடர்ச்சிதான். பரணில் தீ மூட்டி, தகரம் தட்டி, ஒரு பரணிலிருந்து அடுத்த பரணுக்குக் கூக்குரல் கொடுத்து விடியும்வரை விழித்திருந்த காவல், கூட்டத்தில் ஒப்புக்கொண்ட கடமையின் இரவு வடிவம்.

துவக்கு இந்த அமைப்புக்குள் ஒரு தனி ஆளின் பெயரில் நுழைந்தது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம், திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி அனுமதிப்பத்திரம் ஒருவருக்கு, ஒரு துவக்குக்கு. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தோட்டாவையும் அதைக் காட்டித்தான் வாங்க முடியும்.    படுவான்கரைக் கமக்காரனுக்குத் துவக்கு வேண்டுமானால் வாவியைக் கடந்து கச்சேரிக்குப் போகவேண்டும். மட்டக்களப்புக் கச்சேரி நெடுங்காலம் இயங்கியது புளியந்தீவுக் கோட்டைக்குள்தான். எந்தக் கோட்டையோடு துவக்கு இந்த மண்ணுக்கு வந்ததோ, அதே கோட்டையின் வாசலில் அதற்கு அனுமதி கேட்டு நிற்கவேண்டியிருந்தது. காணி உறுதியும் செல்வாக்கும் உள்ள போடியாருக்கு அது கைகூடும். குத்தகைக்குச் செய்பவனுக்கும் கூலிக்கு வயல் பார்ப்பவனுக்கும் எளிதல்ல. ஆனால் பரணில் மழையில் நனைந்து கிடந்தவன் அந்தக் கூலிக்காரன்தான். துவக்கு சுவரில் தொங்க, காவல் வெறுங்கையோடு வயலில் இருக்கும் நிலைக்கு அனுமதிமுறையே வழிகோலியது.

சரி, அனுமதியும் துவக்கும் கிடைத்தவனுக்காவது அது உதவியதா? இடியனுக்கு அடுத்து வந்த பன்னிரண்டாம் இலக்கச் சொட்கன்னுக்கு மழைப் பயம் குறைவு. அதன் தோட்டா மூடிய உறைக்குள் இருப்பது. ஆனால் அது சன்னங்களைச் சிதறி அடிக்கும் துவக்கு. நாற்பது ஐம்பது மீற்றருக்கு மேல் அதன் வலு தேய்ந்துவிடும். பன்றிக்கும் முயலுக்கும் போதுமான அந்தச் சன்னம், இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தடித்த தோலுள்ள யானையைக் கொல்லாது, காயப்படுத்தும். காயம் சீழ் பிடித்து நாட்கணக்கில் வதைக்கும். இறந்த யானைகளைப் பரிசோதிக்கும் மிருக வைத்தியர்கள், சாவுக்கு வேறு காரணம் இருந்தபோதும், உடலெங்கும் பழைய சன்னங்களைக் கண்டெடுக்கிறார்கள். வலியோடு திரியும் விலங்கு மனிதனைக் கண்டால் விலகாது, பாயும். ஒருவன் தன் பயிரைக் காக்கச் சுட்ட சன்னம் அடுத்த வாரம் வேறொருவனின் உயிருக்கு உலையாகலாம். விலகி ஓடினாலும் அது காட்டுக்குத்தான் ஓடும் என்று சொல்ல முடியாது. இருட்டில் அடுத்த கண்டத்துக்குள் இறங்கும். தனி ஆளின் வெடி தன் நட்டத்தை அயலவனிடம் தள்ளிவிடுகிறது. வேலியின் இயல்பு இதற்கு நேர் எதிர்: அயலவன் பங்கும் சேர்ந்தால்தான் அது வேலி.

இதற்கு எழும் முதல் மறுப்பு நியாயமானது. யானையை விடுங்கள், பன்றியைத் துவக்குத்தானே அடக்கியது என்று கேட்பார்கள். உண்மை. பன்றி, குரங்கு முதலியவற்றுக்குத் துவக்கு ஓரளவு பயன்பட்டது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பயன் ஆள் விழித்திருந்த இரவுகளுக்கு மட்டும் உரியது. விழித்திருக்க ஆள் இல்லாதபோது அதன் இடத்தில் வந்தது கட்டுத்துவக்கு: விலங்கு வரும் தடத்தில் கட்டி வைத்து, குறுக்கே இழுத்த நூல் தட்டுப்பட்டதும் தானே வெடிப்பது. சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. இருந்தும் நாடெங்கும் காட்டோர ஊர்களில் அது அழியவில்லை. பன்றியின் தோள் உயரத்துக்குக் கட்டியது மனிதனின் முழங்காலுக்கும் தொடைக்கும் நேராக வருகிறது. தேன் எடுக்கப் போனவர், மாடு தேடிப் போனவர், சில வேளை கட்டியவரே கூட, காலை இழந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். காவலன் இல்லாத காவல் என்ற ஆசையின் முடிவு இது. பன்றியை அடக்கத் துவக்கு செய்த உதவியைக் கணக்கில் எழுதுபவர் இந்தக் கால்களையும் அதே பக்கத்தில் எழுதவேண்டும்.

இரண்டாவது மறுப்பு: துவக்கைக் கெடுத்தது போர், போர் வராதிருந்தால் பயிர்த் துவக்கு நல்லபடி வேலை செய்திருக்கும் என்பது. போர் கெடுத்தது மெய்தான். ஆனால் ஒழுங்கைக் கவனிப்போம். 1971 ஏப்ரலில் தெற்கில் கிளர்ந்த ஜே.வி.பி. இளைஞர்களின் ஆயுதங்களில் கணிசமானவை கிராம வீடுகளிலிருந்து எடுத்த சொட்கன்கள். 1987க்குப் பிந்திய இரண்டாவது கிளர்ச்சியிலும் அதுவே நடந்தது. எண்பதுகளில் வடக்கிலும் கிழக்கிலும் அனுமதி பெற்ற துவக்கு வைத்திருந்த வீடு இரு பக்கத்திலிருந்தும் கேள்விக்குள்ளானது: இயக்கங்களுக்கு அது தேவை, அரசுக்கு அது சந்தேகம். அக்காலத்தில் எல்லைக் கிராமங்களில் ஊர்காவல் படைக்கு அரசு கொடுத்த முதல் ஆயுதமும் சொட்கன்தான். ஒரே குளத்து நீரில் வேளாண்மை செய்த தமிழ், முஸ்லிம், சிங்கள ஊர்களுக்கு நடுவே அது அச்சத்தை நட்டது. துவக்கு இருந்த வீடுதான் முதலில் தட்டப்பட்டது. பெரிய துவக்குச் சிறிய துவக்கைத் தேடி வரும் என்பது இலங்கையின் மூன்று கிளர்ச்சிகளும் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம். ஆகவே போர் வெளியிலிருந்து வந்து ஒரு நல்ல கருவியைக் கெடுத்தது என்று சொல்வதைவிட, வயலுக்கென்று வாங்கியது வயலோடு நிற்காது என்பதைப் போர் காட்டிக்கொடுத்தது என்பதே பொருந்தும். பாரதம் படித்துத் தீமிதிக்கும் பழுகாமத்துக்கு இது புதிதல்ல. அஞ்ஞாதவாசத்தில் பாண்டவர் ஆயுதங்களை வன்னி மரத்தில் ஏற்றி வைத்துவிட்டுத்தான் ஊருக்குள் போனார்கள். ஆயுதம் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவது மறுப்புத்தான் கனமானது, அது இன்றையது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பெருங்காட்டை வெட்டிச் சேனநாயக்க சமுத்திரத்தையும் குடியேற்றங்களையும் உண்டாக்கியது. 1954இல் கல்லோயா தேசியப் பூங்கா பிரகடனமானாலும் யானைகளின் பழைய நடமாட்டம் பூங்கா எல்லைக்குள் அடங்கவில்லை. 2007இல் கிழக்கில் போர் ஓய்ந்து மக்கள் பாழ்விட்ட வயல்களுக்குத் திரும்பியபோது யானைகள் அந்த நிலத்துக்குப் பழகிவிட்டிருந்தன. 2011 கணக்கெடுப்பு நாட்டில் 5,879 யானைகளைக் கண்டது. 2024இல் மட்டும் 388 யானைகளும் 155 மனிதர்களும் இந்த மோதலில் மாண்டார்கள். நாலாயிரம் கிலோமீற்றருக்கு மேல் மின்வேலி போட்டும் இதுதான் நிலை. விரட்டப் போடும் யானை வெடிக்கும் யானைகள் பயப்படுவதில்லை. போரதீவுப்பற்றில் வீட்டுச் சுவரை இடித்து நெல் மூட்டையை இழுக்கும் யானைக்கு முன் நிற்பவனிடம் கூட்டுக் காவல், மரபு என்று பேசுவது இலகு. அவன் துவக்குக் கேட்பதில் என்ன பிழை என்பார்கள். குரங்கும் மயிலும் பயிரை அழிக்கின்றன என்று 2025 மார்ச் 15இல் அரசு நாடு தழுவிக் கணக்கெடுத்தபோதும் அந்தக் கோரிக்கை பின்னணியில் இருந்தது.

கேட்பதில் பிழை இல்லை. கேட்பவனின் துயரமும் உண்மை. ஆனால் மின்வேலி ஏன் தோற்றது என்று பார்த்தால் துவக்கும் ஏன் தோற்கும் என்பது தெரிந்துவிடும். யானைகள் நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ அறுபது வீதத்தில் திரிகின்றன. அந்தப் பரப்பின் எழுபது வீதத்தளவில் மனிதரும் வாழ்கிறார்கள். இதைக் கணக்கிட்டவர்களில் ஒருவரான பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் சக ஆய்வாளர்களும் காட்டியது இது: பல வேலிகள் வன இலாகா நிலத்துக்கும் வனசீவராசிகள் திணைக்கள நிலத்துக்கும் நடுவே, இரு புறமும் யானை நிற்கும் இடத்தில், நிர்வாக எல்லை பார்த்துப் போடப்பட்டவை. யாருக்கும் சொந்தமில்லாத வேலியை யாரும் காப்பதில்லை. அவர் தலைமையிலான குழு 2020இல் தயாரித்த தேசியச் செயல்திட்டம் வேலியை ஊரைச் சுற்றியும் வயலைச் சுற்றியும் கொண்டுவரச் சொல்கிறது: வயல் வேலியைக் கமக்காரர்களே சேர்ந்து போகத் தொடக்கத்தில் போட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றி, தாளை யானைக்கு விட்டுவிடுவது. ரெனன்ற் எழுதிய தடிவேலிக்கும் இதற்கும் நடுவே மின்கம்பி ஒன்றுதான் புதிது. பருவம் பிரித்துப் பங்கிடுதல், பங்குபோட்டுக் கட்டுதல், முறைவைத்துக் காத்தல் என்ற மூன்றும் அப்படியே இருக்கின்றன. இந்த மூன்றையும் எந்தத் துவக்காலும் செய்ய முடியாது.

இந்த வேலி இலவசமாக வராது. மின்கலமும் கம்பியும் அரசு தரவேண்டும். கண்டத்தில் உள்ள ஒவ்வொருவரும், வெளியூரில் இருக்கும் காணிக்காரர் உட்பட, ஏக்கர் கணக்கில் பங்கு ஏற்கவேண்டும். கொடி படர்ந்து மின்சாரம் இறங்காமல் கிழமைதோறும் துப்புரவாக்க ஆள் வேண்டும். உழைப்பு வெளிநாட்டுக்கும் நகரத்துக்கும் போய்விட்ட ஊர்களில் இது இலகுவான வேண்டுகோள் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் துவக்கின் விலையைப் பல தலைமுறைகளாகக் கொடுத்துப் பார்த்தாயிற்று, பயிர் மிஞ்சவில்லை. ஒரு காலத்தில் ஊர்காவல் படையாகச் சொட்கன் ஏந்தியவர்கள் பின்னர் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்துக்குள் வந்தார்கள். அவர்களில் பலருக்கு அரசு இன்று கொடுத்திருக்கும் வேலை யானை வேலியைப் பராமரிப்பது. துவக்கைக் கொடுத்த அரசே அந்தக் கைகளில் கத்தியையும் கம்பியையும் கொடுத்து வேலிக்கு அனுப்பியிருக்கிறது. அடுத்த போகத்தின் ஆரம்பக் கூட்டத்தில், விதைப்புத் திகதியும் நீர் திறக்கும் திகதியும் தீர்மானிக்கும் அதே மேசையில், போரதீவுப்பற்றுக் கமக்காரர்கள் வேலி கட்டும் திகதியையும் கழற்றும் திகதியையும் எழுதிக் கேட்கவேண்டும்.